செக்23பி எல்லாச் செல்லிலும் இருக்கிறது. பிறகு சிவப்பணு மட்டும் ஏன் கெடுகிறது?

(மென்படலம், சவ்வூடு, செங்குழியம், வடிகுழல் ஆகியவை இந்த உரையாடலில் பேசுபவர்களின் புனைபெயர்கள்.)

மென்படலம் கேட்டது:

வணக்கம். முதுநிலை உயிர்வேதியியல் மாணவர்களுக்காக காப் 2 உறை பற்றிப் பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் கணக்கு ஒத்துவரவில்லை.

எண்டோபிளாச வலைப்பின்னலில் உருவாகும் புரதம், புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் செல் உறுப்பான கோல்கைக்குப் போக வேண்டுமானால் காப் 2 என்ற புரத உறை போர்த்திய நுண்குமிழில் ஏற வேண்டும். செக், சார் என்று தொடங்கும் பெயர்கள் இந்த உறையைக் கட்டும் புரதங்களும் அவற்றின் மரபணுக்களும். செல் தயாரிக்கும் புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இதுதான் வாசல். வாசல் பழுதானால் வீடு முழுக்க அல்லவா முடங்க வேண்டும்? ஆனால் நோய்கள் அப்படி வரவில்லை. செக்23பி மரபணு கெட்டால் பிறவி டிஸ்எரித்ரோபொயடிக் ரத்தசோகை (சிவப்பணு சரியாக உருவாகாத நோய்) 2-ஆம் வகை வருகிறது. எலும்பு மஜ்ஜை தவிர மற்ற உறுப்புகள் நன்றாக இருக்கின்றன. செக்23ஏ கெட்டால் மண்டையோட்டு எலும்பும் கண் வில்லையும் பாதிக்கப்படுகின்றன. சார்1பி கெட்டால் குடலில் கொழுப்பு தேங்குகிறது.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, இந்தத் தேர்வு எப்படி நடக்கிறது? இரண்டு, செக்23பி நீக்கிய எலிக்கு ரத்தசோகையே வரவில்லை என்கிறார்கள். அப்படியானால் மனிதரில் இதுதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? மூன்று, இதுவரை பதிவாகாத ஒரு மாற்றம் நோயாளியிடம் கிடைத்தால், அது உறையைக் கெடுக்கிறதா என்பதை ஆய்வகத்தில் எப்படிச் சோதிப்பது?

சவ்வூடு பதில்:

உறை கட்டப்படும் வரிசையை முதலில் பார்த்துவிடலாம். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

வலைப்பின்னலின் சவ்வில் பதிந்திருக்கும் செக்12, சார்1 என்ற சிறு புரதத்திலிருந்து குவானோசின் இருபாஸ்பேட்டைக் கழற்றிவிட்டு முப்பாஸ்பேட்டை ஏற்றுகிறது. (இவற்றின் சுருக்கப் பெயர்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துகளாகிவிடும். பலகையில் முழுப்பெயரையே எழுதுங்கள், இல்லையென்றால் மாணவர்கள் குழம்புவார்கள்.) முப்பாஸ்பேட் ஏறியதும், சார்1-இன் முன்முனையில் ஒளிந்திருந்த சுருள் வெளிவந்து சவ்வின் வெளியேட்டில் ஆப்புப் போல இறங்குகிறது. சவ்வு வளையத் தொடங்குவது இங்கே.

அடுத்து வருவது செக்23, செக்24 ஜோடி. இரண்டும் சேர்ந்து சுமார் 15 நானோமீட்டர் நீளம். சவ்வைப் பார்க்கும் பக்கம் குழிந்து, நேர்மின் ஏற்றம் மிகுந்து இருக்கும். எதிர்மின் கொண்ட சவ்வுக் கொழுப்புகள் மேல் அது படிந்து உட்கார இந்த அமைப்பு உதவுகிறது. எந்தச் சரக்கு ஏற வேண்டும் என்று பொறுக்குவது செக்24. செக்23-க்கு வேறு வேலை: தன் ஆர்ஜினின் ஒன்றை சார்1-இன் வினைக்குழிக்குள் நீட்டி, முப்பாஸ்பேட் உடைவதை விரைவுபடுத்துகிறது. கடைசியாக செக்13, செக்31 சேர்ந்த கோல்கள் வெளிக்கூண்டைக் கட்டுகின்றன. இவை வந்ததும் அந்த உடைப்பு இன்னும் ஏறத்தாழ 10 மடங்கு வேகமாகிறது. ஆக, உறை முழுமையாகும்போதே அது கழல்வதற்கான கடிகாரமும் ஓட ஆரம்பித்துவிடுகிறது. பாடத்தில் இந்த இடத்தில் நின்று நிதானமாக விளக்குங்கள். உறை சீக்கிரம் கழன்றால் சரக்கு ஏறாது. கழலாமலே இருந்தால் குமிழ் கோல்கைப் பக்கம் போய்ச் சேராது. மரபணு மாற்றம் இந்த இரண்டு திசையிலும் தவறச் செய்யலாம்.

இனி உங்கள் முதல் கேள்வி. ஈஸ்ட்டில் முக்கிய செக்23 ஒன்றுதான். அதை அடியோடு நீக்கினால் ஈஸ்ட் சாகும். ராண்டி ஷெக்மன் குழு 1980-இல் 23 மரபணுத் தொகுதிகளைப் பிரித்தபோது வெப்பநிலைக்கு ஏற்ப மட்டும் பழுதாகும் மாற்றங்களைத் தேடியதற்கும் இதுவே காரணம். மனிதரில் செக்23ஏ, செக்23பி என இரண்டு இருக்கின்றன; அமினோ அமில வரிசை சுமார் 85 சதவீதம் ஒன்று. சார்1-க்கும் ஏ, பி உண்டு. செக்24-க்கு ஏ முதல் டி வரை நான்கு. செக்13 மட்டும் ஒன்றே ஒன்று. அது அணுக்கருத் துளையிலும் வேலை பார்க்கிறது.

'எல்லாச் செல்லிலும் இருக்கிறது' என்பது சரி. எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. மனித எலும்பு மஜ்ஜையில், குறிப்பாக சிவப்பணுவாக முதிரும் முன்செல்லான எரித்ரோபிளாஸ்ட்டில், செக்23பி மிகுதி, செக்23ஏ குறைவு. பி பலவீனப்பட்டால் தாங்கிப்பிடிக்க ஏ போதுமான அளவில் இல்லை. கல்லீரலிலோ கணையத்திலோ ஏ இருப்பு அந்தக் குறையை மூடிவிடுகிறது.

மண்டையோட்டு நோயில் இதே கணக்கு தலைகீழாக வரும். 2006-இல் சவூதி குடும்பம் ஒன்றில் கண்டறியப்பட்ட செக்23ஏ மாற்றத்தில், 382-ஆம் இடத்து ஃபீனைல்அலனினுக்குப் பதில் லியூசின் இருந்தது. இந்தப் புரதம் சார்1 மேல் உட்காரும், ஆனால் செக்13, செக்31 கோல்களைச் சரிவர அழைக்காது. மண்டையோட்டு எலும்பைக் கட்டும் செல்களில் செக்23பி குறைவு. அதனால் அங்கே கொலாஜன் வலைப்பின்னலுக்குள்ளேயே தேங்கி, வலைப்பின்னல் உப்பிவிடுகிறது. உச்சிக்குழி மூடத் தாமதமாகிறது.

எலிக்கு வருவோம். செக்23பி முழுதும் நீங்கிய எலிக்குட்டி பிறந்த கொஞ்ச நேரத்தில் இறக்கிறது. காரணம் கணையச் சிதைவு, ரத்தம் சரியாகவே இருக்கிறது. ரத்தம் உருவாக்கும் செல்களில் மட்டும் நீக்கிப் பார்த்தபோதும் ரத்தசோகை வரவில்லை. இதைப் பார்த்து மனிதச் சான்று பலவீனம் என்று நினைப்பது தவறு. எலியில் இரண்டின் விகிதம் மாறியிருக்கிறது: கணையத்தில் பி மிகுதி, மஜ்ஜையில் ஏ தாராளம். எந்தத் திசுவில் ஈடுகட்ட வேண்டிய இணைப்பிரதி (ஏ-க்கு பி, பி-க்கு ஏ) குறைவோ அந்தத் திசு விழுகிறது. விதி ஒன்றுதான், உயிரினத்துக்கு உயிரினம் திசு மாறுகிறது.

இதற்கு இரண்டு வலுவான சோதனைகள் உள்ளன. எலியின் செக்23பி இருக்கும் இடத்தில் செக்23ஏ-வின் குறியீட்டைப் பொருத்தினார்கள் (2018). அந்த எலிகள் கணையம் கெடாமல் வளர்ந்தன. அதாவது, ஏ-யும் பி-யும் வேலையில் ஒன்றுக்கொன்று ஈடு. எங்கே எவ்வளவு வெளிப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. பிறகு 2021-இல் மனித எரித்ராய்டு செல்வரிசையில் (சிவப்பணுவாக முதிரக்கூடிய ஆய்வகச் செல்களில்) செக்23பி-யை நீக்கி நோயின் அடையாளங்களை வரவழைத்து, செக்23ஏ-வின் அளவைக் கூட்டிச் சரிசெய்து காட்டினார்கள். உங்கள் பாடத்தில் ஒரே ஒரு சோதனையைத்தான் விரிவாகச் சொல்ல இடம் இருக்கிறது என்றால் இதைச் சொல்லுங்கள். மருத்துவத்துக்கு வழி திறப்பதும் இதுதான்: கெட்ட மரபணுவைத் திருத்தாமலே, நோயாளியிடம் நல்ல நிலையில் இருக்கும் செக்23ஏ-வை மஜ்ஜையில் எழுப்பிவிட்டால் போதும்.

செங்குழியம் பதில்:

சவ்வூடு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்த நோயாளிகளிடம் செக்23பி முற்றிலும் இல்லாமல் போவதில்லை. இரண்டு பிரதிகளிலும் புரதமே உருவாகாத மாற்றம் கொண்ட நோயாளி இதுவரை பதிவாகவில்லை. ஒரு பிரதியில் புரதம் அறவே இல்லை, மற்றதில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியிருக்கிறது என்றால் ரத்தசோகை கூடுதல். இரண்டிலும் அமினோ அமில மாற்றம் மட்டும் என்றால் சற்று லேசு. ஐரோப்பிய நோயாளிகளிடம், குறிப்பாக இத்தாலியக் குடும்பங்களில், அடிக்கடி வருபவை 14-ஆம் இடத்து ஆர்ஜினின் டிரிப்டோஃபேனாக மாறுவதும், 109-ஆம் இடத்து குளூட்டாமேட் லைசினாக மாறுவதும். மரபணு 2009-இல்தான் அடையாளம் காணப்பட்டது. நோய் வகைப்படுத்தப்பட்டது 1968-இல். அந்த 40 ஆண்டுகளும் சோதனைக் குழாயையும் நுண்ணோக்கியையும் வைத்தே கண்டுபிடித்தார்கள். அந்தச் சோதனைகளுக்கு இன்றும் பயன் உண்டு.

நடைமுறையில் அதிகம் நடக்கும் பிழை, இதைப் பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ் (சிவப்பணு உருண்டையாகி உடையும் நோய்) என்று எடுத்துக்கொள்வது. மஞ்சள் காமாலை, பெரிய மண்ணீரல், பித்தக்கல், ரத்தப் படலத்தில் சில உருண்டைச் செல்கள் என இரண்டிலும் எல்லாம் பொது. பிரித்துக் காட்டுவது ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கை. ஸ்பீரோசைட்டோசிஸில் மஜ்ஜை முழு மூச்சாக உற்பத்தி செய்யும், எண்ணிக்கை நன்றாக ஏறியிருக்கும். இங்கே ஹீமோகுளோபின் இறங்கிய அளவுக்கு அது ஏறாது. சாதாரணமாகவோ லேசாகக் கூடியோ நிற்கும். சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் சிவப்பணு மொத்தமே குறைந்திருக்கும்போது சதவீதம் பொய்யாக உயர்ந்து தெரியும். ஒரு மைக்ரோலிட்டருக்கு இத்தனை என்ற மொத்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

மஜ்ஜையில் முதிர்ந்த எரித்ரோபிளாஸ்ட்டுகளில் 10 சதவீதத்துக்கு மேல் இரட்டை அணுக்கரு இருக்கும். இரண்டும் ஒரே அளவு, ஒரே முதிர்ச்சி. ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் வேறு காரணம் தேட வேண்டும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் செல் சவ்வுக்கு அடியில் இன்னொரு சவ்வு ஒட்டியபடி ஓடும். அது கழியாமல் மிஞ்சிய வலைப்பின்னல். ஜெல்லில் சோதித்தால் கால்ரெட்டிகுலின் போன்ற வலைப்பின்னல் புரதங்கள் முதிர்ந்த சிவப்பணுவின் சவ்வில் அகப்படும். இயல்பாக அங்கே அவற்றுக்கு இடமே இல்லை.

பழைய அமிலச் சீரம் சோதனை பற்றி மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 1969-இல் இந்த நோய்க்கு வைத்த ஹெம்பாஸ் என்ற பெயரே அந்தச் சோதனையிலிருந்து வந்தது. அமிலப்படுத்திய பிறர் சீரத்தில் நோயாளியின் சிவப்பணு உடையும், தன் சொந்தச் சீரத்தில் உடையாது. சிவப்பணு உடையும் இன்னொரு நோயான பராக்சிஸ்மல் நாக்டர்னல் ஹீமோகுளோபினூரியாவில் சொந்தச் சீரத்திலும் உடையும், வித்தியாசம் அங்கே. சிக்கல் என்னவென்றால் தேவையான எதிர்ப்பொருள் எல்லார் சீரத்திலும் இல்லை. ரத்த வகை பொருந்திய பலருடைய சீரத்தை வரிசையாகச் சோதிக்காமல் 'இல்லை' என்று எழுத முடியாது. அதனால்தான் இதைக் கைவிட்டார்கள்.

இன்றும் செய்யத்தக்கது, சிவப்பணுச் சவ்வின் முக்கியப் புரதமான பேண்ட் 3-ஐப் பார்க்கும் ஜெல். சிவப்பணுவைக் குறை உப்புக் கரைசலில், அதாவது பி.எச். 8 உள்ள 5 மில்லிமோலார் பாஸ்பேட்டில், உடைத்து வெள்ளையாகும்வரை கழுவுங்கள். சிவப்பு நிறம் மிஞ்சினால் ஹீமோகுளோபின் பட்டையைக் கலங்கடிக்கும். புரதச் சிதைவைத் தடுக்கும் மருந்து முதல் கழுவலிலேயே இருக்க வேண்டும். பேண்ட் 3 எளிதில் வெட்டுப்படும், வெட்டுண்ட துண்டை 'வேகமாக ஓடிய பட்டை' என்று வாசித்துவிடும் ஆபத்து உண்டு. இயல்பான பேண்ட் 3 அகலமாக, மங்கிய விளிம்போடு தெரியும், ஏனென்றால் 642-ஆம் இடத்து அஸ்பராஜினில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலி ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒவ்வொரு நீளம். இந்த நோயில் சங்கிலி குட்டையாகவே நின்றுவிடுவதால் பட்டை ஒடுங்கி, சற்றுக் கீழே ஓடியிருக்கும். வித்தியாசம் சிறியது. இயல்பான மாதிரியையும், நோய் உறுதியான ஒருவரின் மாதிரியையும் அதே ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டாமல் முடிவு எழுதவே கூடாது.

எல்லாவற்றையும் கெடுக்கும் ஒன்று: அண்மையில் ரத்தம் ஏற்றியிருப்பது. கொடையாளியின் சிவப்பணு 120 நாள் வரை ஓடும். அதற்குள் எடுத்த மாதிரியில் இரண்டு பேரின் பேண்ட் 3-உம் கலந்து, பட்டை இயல்பாகத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட நோயாளிக்கு நேராக மரபணுச் சோதனைக்குப் போவதே நல்லது.

சிகிச்சையில் ஓர் எச்சரிக்கை. ஸ்பீரோசைட்டோசிஸ் என்று நினைத்து மண்ணீரலை எடுத்தால் இங்கேயும் ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறும், 'சரியாகிவிட்டது' என்று கோப்பு மூடப்படும். உள்ளே இரும்பு சேர்ந்துகொண்டே போகும். பயனற்ற உற்பத்தியில் எரித்ரோபிளாஸ்ட்டுகள் எரித்ரோஃபெரோன் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்க, அது இரும்பு உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடினை அடக்க, குடல் தடையின்றி இரும்பை உறிஞ்சுகிறது. ரத்தமே ஏற்றாத நோயாளியிலும் இது நடக்கும். ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்புப் புரதம்) அளவை மட்டும் நம்பாமல் கல்லீரல் இரும்பை எம்.ஆர்.ஐ. வழியாக அளக்க வேண்டும். ரத்தசோகை லேசாக இருப்பவரிடம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் எடுத்தும், மற்றவரிடம் இரும்பைக் கட்டி வெளியேற்றும் மருந்து கொடுத்தும் இறக்குவார்கள். ரத்தசோகைதானே என்று இரும்பு மாத்திரை எழுதிக் கொடுப்பது இங்கே தீங்கு. இதை அழுத்திச் சொல்கிறேன்.

காமாலை மட்டும் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றால் கில்பர்ட் மாற்றம் (பிலிருபினைக் கழிக்கும் நொதியைக் குறைக்கும் மரபணு மாற்றம்) கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்தவர்களுக்குப் பித்தக்கல் முன்கூட்டியே வரும்.

வடிகுழல் பதில்:

மூன்றாவது கேள்விக்கு என் பதில். புதிய மாற்றத்தைச் சோதிக்கும்போது முதலில் விழும் குழி, எச்.இ.கே. அல்லது ஹீலா போன்ற வழக்கமான ஆய்வகச் செல்லில் மாற்றம் பெற்ற செக்23பி-யை மிகையாக வெளிப்படுத்தி, 'சுரப்பு குறையவில்லை, ஆகவே தீங்கில்லை' என்று முடிப்பது. அந்தச் செல்களின் சொந்த செக்23ஏ-யும் பி-யும் வேலையை நடத்திக்கொண்டிருக்கும். மேலே சவ்வூடு விளக்கிய அதே ஈடுகட்டல் உங்கள் சோதனையையும் மறைத்துவிடும். முதலில் சொந்தப் பிரதிகளை நீக்க வேண்டும், அல்லது தூய்மையாக்கிய புரதங்களைக் கொண்டு வெளியே கட்டிப் பார்க்க வேண்டும்.

வெளியே கட்டும் முறை இது. செல்களைப் பனியில் வைத்து, மில்லிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம் டிஜிடோனினில் 5 நிமிடம் ஊறவிடுங்கள். டிஜிடோனின் கொலஸ்ட்ரால் மிகுந்த வெளிச்சவ்வைத் துளைக்கும், வலைப்பின்னலை விட்டுவைக்கும். டிரிபன் நீலம் கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் ஏறியதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் உள்ளே புரதம் போகாது. நேரத்தைக் கூட்டினாலோ வலைப்பின்னலே கிழியும். டிஜிடோனின் ஒவ்வொரு தொகுப்புக்கும் வீரியம் மாறும், எனவே புதுப் புட்டி திறந்தால் அளவை மறுபடி சரிபார்க்க வேண்டும். பிறகு 110 மில்லிமோலார் பொட்டாசியம் அசிடேட், 20 மில்லிமோலார் ஹெப்பெஸ், 2 மில்லிமோலார் மெக்னீசியம் அசிடேட் கலந்த, பி.எச். 7.2 உள்ள கரைசலில் கழுவுங்கள்.

அதோடு சார்1, செக்23-24, செக்13-31, குவானோசின் முப்பாஸ்பேட் சுமார் 0.2 மில்லிமோலார், ஆற்றல் மீட்கும் கலவை (அடினோசின் முப்பாஸ்பேட், கிரியேட்டின் பாஸ்பேட், கிரியேட்டின் கைனேஸ்) எல்லாம் சேர்த்து 30 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம். 14,000 ஜி-யில் சுழற்றினால் வலைப்பின்னல் அடியில் போகும். மேலே நிற்கும் நீரை 1 லட்சம் ஜி-யில் சுழற்றினால் குமிழ்கள் படியும். படிவை ஜெல்லில் ஓட்டி, குமிழில் ஏறிச் செல்லும் புரதங்களான லேமன்1, செக்22பி இரண்டையும் தேடுங்கள். ரைபோஃபோரின் 1 வரவே கூடாது. அது வலைப்பின்னலை விட்டு வெளியேறாத புரதம். அது தெரிந்தால் உங்கள் 'குமிழ்' என்பது பிப்பெட் அழுத்தத்தில் உடைந்த வலைப்பின்னல் துணுக்கு. நுனி அகலமான பிப்பெட் பயன்படுத்தி மறுபடி செய்யுங்கள்.

கட்டுப்பாடுகளாக மூன்று ஓட வேண்டும்: பனியிலேயே வைத்த மாதிரி, நியூக்ளியோடைடு சேர்க்காத மாதிரி, 39-ஆம் இடத்து த்ரியோனின் அஸ்பராஜினாக மாறிய சார்1 சேர்த்த மாதிரி. கடைசியது இருபாஸ்பேட் நிலையிலேயே நின்று, உறை தொடங்குவதையே தடுக்கும். 79-ஆம் இடத்து ஹிஸ்டிடின் கிளைசினான சார்1 இதற்கு நேர்மாறு. உறை கட்டும், கழலாது.

சார்1 தயாரிப்பில் பலர் இடறுவது முன்முனையில், தூய்மையாக்க உதவும் ஒட்டுத் துண்டை விட்டுவிடுவதால். சவ்வில் இறங்கும் சுருள் அங்கேதான் இருக்கிறது. ஒட்டு வைத்தால் வெட்டி எடுத்துவிடுங்கள். செக்23-ஐத் தனியாக வெளிப்படுத்தாமல் செக்24-ஓடு சேர்த்து, பூச்சிச் செல்லில் எடுங்கள். தனியாக வந்தால் திரண்டு வீணாகும்.

மாற்றம் எந்தப் படியில் தடுக்கிறது என்று அறிய டிரிப்டோஃபேன் ஒளிர்வு நல்ல வழி. சார்1 முப்பாஸ்பேட் நிலையில் அதிகம் ஒளிரும், இருபாஸ்பேட்டுக்கு இறங்கினால் மங்கும். 297 நானோமீட்டரில் தூண்டி 340-இல் படியுங்கள். செக்23-24 சேர்த்ததும் ஒளி இறங்க வேண்டும். செக்13-31 சேர்த்ததும் இறக்கம் இன்னும் செங்குத்தாக வேண்டும். முதல் இறக்கம் சரி, இரண்டாவது வேகம் மட்டும் வரவில்லை என்றால் பழுது வெளிக்கூண்டை அழைப்பதில். முதலிலேயே இறங்கவில்லை என்றால் சார்1-ஐத் தொடும் முகத்தில். இயல்பைவிட வேகமாக இறங்குவதும் நோய்தான்: செக்23ஏ-வில் 702-ஆம் இடத்து மெத்தியோனின் வாலினான மாற்றத்தில் கடிகாரம் இப்படி விரைந்து ஓடுகிறது.

இதெல்லாம் சரியாக வந்தாலும் ரத்தசோகைக்கு இறுதிச் சான்று எரித்ராய்டு செல்லில்தான். செக்23பி நீக்கிய எரித்ராய்டு செல்வரிசையில் உங்கள் மாற்றத்தைத் திரும்ப வைத்து, முதிரவிட்டு, இரட்டை அணுக்கருவையும் பேண்ட் 3 பட்டையையும் பாருங்கள்.

மென்படலம்:

மூவருக்கும் நன்றி. விகிதக் கணக்கு இப்போது தெளிவாகிவிட்டது. ஆனால் சார்1பி-யில் இடிக்கிறது. சார்1ஏ-யும் பி-யும் 198 அமினோ அமிலம் கொண்டவை, வேறுபடுவது 20 இடத்துக்குப் பக்கம். குடலில் மட்டும் ஏன்? அதோடு கூண்டின் விட்டம் 60 முதல் 80 நானோமீட்டர் என்கிறோம். கைலோமைக்ரான் (குடல் செல் கொழுப்பை ஏற்றி அனுப்பும் துகள்) அதைவிடப் பெரிது, கொலாஜனின் முன்வடிவமான புரோகொலாஜன் கோல் 300 நானோமீட்டர். எப்படி நுழைகின்றன?

சவ்வூடு:

நுழைவதில்லை, கூண்டை நீட்டுகிறார்கள் என்பது ஒரு பதில். டாங்கோ1 என்ற புரதம் வலைப்பின்னலுக்கு உள்ளே கொலாஜனைப் பிடிக்கும் ஹெச்.எஸ்.பி.47-ஐப் பற்றிக்கொள்கிறது, வெளியே தன் புரோலின் மிகுந்த வாலால் செக்23-ஐப் பிடித்து, செக்31 வருவதைத் தாமதப்படுத்துகிறது. கடிகாரத்தை நிறுத்திவைத்து வாசலைத் திறந்தே வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்31-இல் ஒற்றை யூபிகுவிட்டினை ஒட்டி உறையைப் பெரிதாக்கும் குல்3, கேஎல்ஹெச்எல்12 என்ற புரதங்களின் வழியும் 2012-இல் காட்டப்பட்டது.

குமிழே இல்லை, வலைப்பின்னலிலிருந்து கோல்கைப் பக்கம் நீளும் குழாய்களின் கழுத்தில் காப் 2 ஒரு பட்டை போல நின்று யாரை விடுவது என்று தீர்மானிக்கிறது என்ற கருத்தும் 2021 முதல் வலுப்பட்டிருக்கிறது. உயிருள்ள செல்லில் எடுத்த படங்களைப் பார்க்கும்போது பெரிய சரக்குக்கு அதுவே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சிறு சரக்குக்குத் தனிக் குமிழ் உண்டு என்பதற்குத் தூய புரதங்களைக் கொண்டு 1994-இல் செய்த மறுகட்டமைப்பே போதுமான சான்று. மாணவர்களிடம் இரண்டையும் சொல்லுங்கள். 'காப் 2 என்றால் 60 நானோமீட்டர் பந்து' என்று மட்டும் மனப்பாடம் செய்ய விடாதீர்கள்.

குடலுக்கு வருவோம். உணவுக்குப் பின் ஒரு குடல் செல் மிகக் குறுகிய நேரத்தில் ஏராளமான பெரிய துகள்களை வெளியேற்ற வேண்டும். சார்1 மொத்த அளவு கொஞ்சம் குறைந்தாலும் முதலில் தேங்குவது அங்கேதான். சிறு புரதங்களுக்கு சார்1ஏ போதுமானதாக இருக்கிறது. இங்கே திசுவின் இருப்போடு சரக்கின் பருமனையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

செங்குழியம்:

சார்1பி நோயை 1961-இல் ஷார்லட் ஆண்டர்சன் விவரித்தார். மரபணு தெரிந்தது 2003-இல். கைக்குழந்தைக்கு ஓயாத வயிற்றுப்போக்கு, வாந்தி, வயிறு உப்பல், எடை ஏறாமை. எண்டோஸ்கோப்பில் சிறுகுடல் உட்சுவர் வெண்மை பூத்துத் தெரியும். திசுத்துண்டில் குடல் செல்கள் கொழுப்புத் துளிகளால் நிரம்பியிருக்கும். வெறும் வயிற்று ரத்தத்தில் எல்.டி.எல்., எச்.டி.எல். இரண்டும் குறைவு, ட்ரைகிளிசரைடு மட்டும் இயல்பு. இந்தக் கடைசி வரிதான், கொழுப்பு ஏற்றும் துகள்களே உருவாகாத அபெட்டாலிப்போபுரோட்டீனீமியா என்ற நோயிலிருந்து பிரித்துக் காட்டுவது. அதில் ட்ரைகிளிசரைடும் தரையைத் தொட்டிருக்கும், முள்முள்ளான சிவப்பணுவும் வரும்.

சீலியாக் என்று எண்ணி கோதுமையை நிறுத்திவைத்து மாதக்கணக்கில் காலம் போக்குவது நடக்கிறது. கொழுப்பைக் குறைத்த உடனே வயிற்றுப்போக்கு நிற்பது நல்ல துப்பு. ஆனால் வயிறு சரியானதோடு விட்டுவிடக் கூடாது. கொழுப்பில் கரையும் வைட்டமின்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வைட்டமின் ஈ, உடலில் ஏறவில்லை. வருடங்கள் கழித்து முழங்கால் அனிச்சை மறைவதில் தொடங்கி நரம்பும் விழித்திரையும் பாதிக்கப்படும். வாய்வழி அதிக அளவு வைட்டமின் ஈ, தேவையான கொழுப்பு அமிலங்கள், கால இடைவெளியில் நரம்பு, கண் பரிசோதனை மூன்றும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும்.

வடிகுழல்:

பாடத்தில் இடம் இருந்தால் ஒப்பிட இரண்டு நோய்களைச் சேருங்கள்.

முதலாவது, உறை நன்றாக இருந்து சரக்கைப் பிடிக்கும் கொக்கி மட்டும் கெடுவது. லேமன்1 அல்லது எம்சிஎஃப்டி2 இல்லாவிட்டால் உறைதல் காரணி 5-உம் 8-உம் சேர்ந்தே குறைந்து, இயல்பில் 5 முதல் 30 சதவீதத்தில் நிற்கும். இரண்டு காரணிகளின் மரபணுவும் பழுதில்லாமல் இருக்கும். ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. சோதனைகள் இரண்டும் நீண்டிருப்பதைப் பார்த்தும் காரணி 8-ஐ மட்டும் அளந்து ஹீமோஃபீலியா ஏ என்று எழுதிவிடுவது இங்கே வழக்கமான பிழை. பெண் குழந்தைக்கு வந்திருந்தாலோ பெற்றோர் உறவுமுறைத் திருமணம் என்றாலோ காரணி 5-ஐயும் அளந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, எதிர்த்திசை உறையான காப் 1. அதன் ஆல்ஃபா துணையலகில் ஒரு பிரதி மட்டும் மாறினால் போதும், கோல்கையிலிருந்து வலைப்பின்னலுக்குத் திரும்ப வேண்டிய ஸ்டிங் என்ற நோயெதிர்ப்புப் புரதம் கோல்கையிலேயே தங்கி, கிருமி எதுவும் இல்லாமலே இன்டர்ஃபெரான் எச்சரிக்கையை ஒலிக்கிறது. நுரையீரலில் ரத்தக்கசிவு, மூட்டழற்சி, சிறுநீரகப் பாதிப்பு என்று வருவதால் இதைத் தன்னெதிர்ப்பு நோய் மருத்துவரே முதலில் பார்ப்பார். காப் 2 நோய்களில் சரக்கு போகாமல் தேங்குகிறது, இதில் போன சரக்கு திரும்பாமல் தேங்குகிறது. பலகையில் வலைப்பின்னலுக்கும் கோல்கைக்கும் நடுவே இரண்டு அம்புகளை எதிரெதிராகப் போட்டு, ஒவ்வொரு நோயையும் அதற்குரிய அம்பின் மேல் எழுதினால் பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம்.